பூஸ்டருக்குப் போன டியூப்

கண்ணையனின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை, முன்னால் எண்ணெய் குடித்துக் கறுத்த மண்தரை. கொட்டகைக்கு நேர் எதிரே என் கடை இருக்கிறது. வண்டி உதிரிபாகங்கள் விற்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவர் ரோட்டைத் தாண்டி வருவார். அவர் என்னைவிட ஏழு வயது இளையவர், அதனால் "அறிவு அண்ணே" என்பார். அறிவரசன் என்ற என் முழுப் பெயரை வங்கிக்காரர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை.

செட்டிகுளத்தில் வெங்காயம் போட்ட குடும்பம் அவருடையது. பத்தொன்பது வயதில் டவுனுக்கு வந்து லாரிப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். தனியாகத் தொழில் ஆரம்பித்தபோது அவரிடம் ஒரு பெட்டி ஸ்பேனரும் நல்ல காதும் இருந்தன. ஓடுகிற இன்ஜின் மேல் நீளமான திருப்புளியின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அதிகம் பேசமாட்டார். எந்த வண்டியையும் தானே ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். சிறுவாச்சூர் கோயில் வரைக்கும் போய், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தால்தான் சாவியைக் கொடுப்பார். அவர் கைபட்ட வண்டி நடுவழியில் நின்றது என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அவருக்கு நான் அநியாயம் செய்தவனாவேன்.

பிரேம்குமார் வந்தது பங்குனி மாதம். முப்பத்தொரு வயது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஊர். பத்துப் பேர் உட்காரும் பழைய டீசல் வேன் ஒன்று வைத்துக் கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று சவாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கியதைக் கவனிக்காமல் ஓட்டியதில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. திறந்து பார்த்த கண்ணையன், இதைச் சரிசெய்வதைவிட வேறு இன்ஜின் ஏற்றுவதே மேல் என்றார். திருச்சியில் உடைத்து விற்ற வண்டி ஒன்றின் இன்ஜின் கிடைத்தது. ஜாதி ஒன்றுதான், ஆனால் பிந்தைய வருடத்து மாடல். அதில் ஆல்டர்னேட்டர் வலது பக்கம் இருந்தது. பழையதில் இடது பக்கம்.

அந்த ஒரு சின்ன வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்னால் சின்னதாக ஒரு பம்ப் இருக்கும். அது காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் ஒரு ரப்பர் டியூப் வழியாக பிரேக் பூஸ்டருக்குப் போகும். நாம் பிரேக்கை லேசாக மிதித்தால் போதும், மீதி பலத்தை அந்தப் பூஸ்டர் கொடுக்கும். இதை மெக்கானிக்குகள் வேக்கம் லைன் என்பார்கள். உறிஞ்சல் நின்றுபோனால் மிதி கல்லாகிவிடும். முழு உடம்பையும் கொடுத்து மிதித்தாலும் வண்டி லேசில் நிற்காது.

இன்ஜினை இறக்கி ஏற்றி மூன்றாம் நாள் கண்ணையன் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"அண்ணே, பூஸ்டருக்குப் போற வேக்கம் டியூப் ரெண்டரை அடி வேணும். பழைய டியூப் எட்டல. பம்பு அந்தப் பக்கம் போயிடுச்சு."

என்னிடம் அந்த டியூப் இல்லை. "திருச்சிக்குச் சொன்னா ரெண்டு நாள்ல வரும்" என்றேன்.

"அதுவரைக்கும் வண்டிய நகத்தவாச்சும் ஒண்ணு வேணுமே."

டீசல் லைனுக்குப் போடும் டியூப் சுருளில் இருந்து இரண்டரை அடி வெட்டிக் கொடுத்தேன். உள்ளளவு ஒன்றுதான். அவர் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"மெத்துனு இருக்கேண்ணே."

"வண்டி இங்கதானப்பா நிக்கப்போவுது. வந்ததும் மாத்திக்கலாம்" என்றேன்.

வேக்கம் டியூப்பின் சுவர் தடிமனாக, விறைப்பாக இருக்கும். உள்ளிருந்து எவ்வளவு உறிஞ்சினாலும் ஒட்டாது. டீசல் டியூப் அப்படியில்லை. சூடேறி இளகினால், உறிஞ்சுகிற வேகத்தில் அதன் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு நாள் காரியம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அன்று மாலை திருச்சிக்குப் போன் செய்தேன். சரக்கு தீர்ந்துவிட்டது, வந்ததும் பார்சல் போடுகிறோம் என்றார்கள். அதோடு நான் அதை மறந்தேன்.

மறக்கும்படி ஒன்று நடந்தது. புதிய இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆனது, நன்றாகவே ஓடியது. பதினைந்து நிமிடத்தில் இருமி இருமி நின்றுவிட்டது. ஹாண்ட் பம்பை அடித்துக் காற்றை எடுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். டீசல் வரும் வழியில் எங்கேயோ காற்று நுழைகிறது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் அவர் அதோடு மல்லுக்கட்டினார். ஃபில்டரை மாற்றினார். இணைப்புகளில் இருந்த செம்பு வாஷர்களை எல்லாம் மாற்றினார். டீசலை இழுத்துத் தள்ளும் ஃபீட் பம்பைக் கழற்றிப் பிரித்துச் சேர்த்தார். டீசல் திரும்பிப் போகும் லைனில் விரிசல் இருக்குமோ என்று அதையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஓடும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். பதினைந்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம். அப்புறம் அந்த இருமல்.

பிரேம்குமார் தினமும் காலையில் பஸ் ஏறி வந்துவிடுவான். சும்மா உட்கார்ந்திருக்கமாட்டான். போல்ட்டுகளைக் கழுவிக் கொடுப்பான், ஜாக்கி போடுவான். கண்ணையன் எரிச்சலாக இருக்கும்போது பேச்சுக் கொடுக்கமாட்டான். மத்தியானம் சாப்பிடும்போது போனில் மகளின் படத்தைக் காட்டுவான். ஒன்றரை வயதுக் குழந்தை. வேனின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் மடியில் உட்கார்ந்திருக்கிற படம். "வண்டி எங்கப்பான்னு கைய கைய நீட்டுதுண்ணே" என்பான். பிள்ளைகள் படத்தைப் பார்த்தால் ஒரு தலையாட்டலோடு நகர்ந்துவிடும் கண்ணையன், அந்தப் படத்தை மட்டும் வாங்கி வெயிலில் தெரியும்படி சாய்த்துவைத்துப் பார்த்தார்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, கண்ணையன் ஒரு கேனில் டீசலை ஊற்றி மேலே கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக டீசல் பம்புக்குக் குழாய் கொடுத்தார். இன்ஜின் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

"அப்ப இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. கோளாறு பின்னாடி இருக்கு" என்றார்.

அப்புறம் டேங்கிலிருந்து வரும் லைனில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை ஒரு முழம் பொருத்தினார். டேங்க் நிறைய இருந்தபோது டீசல் தெளிவாக ஓடியது. பாதிக்குக் கீழே இறங்கியதும் கடுகு கடுகாகக் குமிழிகள் வரத் தொடங்கின. கண்ணையன் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"பாத்தியா தம்பி, பாத்தியா! இங்க ஒளிஞ்சுகிட்டு இருந்துருக்கு!"

டேங்கைக் கீழே இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே டீசலை உறிஞ்சும் இரும்புக் குழாயில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் துரு தின்ற ஊசி ஓட்டை. அதற்குக் கீழே டீசல் இறங்கியதும் ஓட்டை வழியே காற்றை இழுத்திருக்கிறது. பற்றவைத்து, டேங்கைக் கழுவி மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை இன்ஜின் ஒன்றரை மணி நேரம் ஓடியது. பிரேம்குமார் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிவந்தான். எனக்குக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தான்.

கண்ணையன் வழக்கம்போலச் சிறுவாச்சூர் வரைக்கும் ஓட்டிப்போய் வந்தார். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. பதினாறு கிலோமீட்டரில், அதுவும் வெயில் தாழ்ந்த நேரத்தில், அந்த டியூப் எவ்வளவு சூடாகியிருக்கும்? சாவியைக் கொடுத்தார். மறுநாள் காலையிலேயே ஒரு சவாரி இருக்கிறது, ஒரு குடும்பத்தை ஆண்டிமடத்தில் கொண்டுபோய் விடவேண்டும் என்று பிரேம்குமார் சொன்னான். புது இன்ஜினில் முதல் சவாரி. அவரும் சந்தோஷமாக அனுப்பினார். டியூப் ஞாபகம் எங்கள் இருவருக்குமே வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பிறகு போன் வந்தது. அந்தக் குடும்பத்தை ஆண்டிமடத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்திருக்கிறான். அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று டயர் மாற்ற ஓரமாக நின்றிருந்தது. அதன் பின்னால் போய் மோதியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நேரான ரோடு, பட்டப்பகல், நின்றுகொண்டிருந்த லாரி. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: தூங்கிவிட்டான். காவல் நிலையத்திலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அடக்கத்துக்கு நானும் கண்ணையனும் போனோம். கூட்டத்தில் யாரும் எங்களைத் தனியாகப் பார்க்கவில்லை. மறுநாள் அவர் பட்டறையைத் திறக்கவில்லை. சாயங்காலம் என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். ஸ்டேஷன் காம்பவுண்டில் நிற்கும் வேனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"பானெட்ட நெம்பித் தூக்கிப் பாத்தேண்ணே. அந்த டியூப்பு நாடா மாதிரி ஒட்டிக் கெடக்குது. புகைக்குழாய்க்குப் பக்கத்துல போவுது பாருங்க, சூட்டுல இளகிடுச்சு. பன்னண்டு நாளா அதத் தாண்டித்தான் கைய வுட்டு வேல பாத்தேன். கண்ணுல பட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா நான் பாக்கல."

நான் சொன்னது இதுதான்: "யாருகிட்டயும் சொல்லிக்காத கண்ணையா. அவனத் திருப்பிக் கொண்டாரவா முடியும்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போனார்.

அதற்கு அடுத்த நாள் திருச்சியிலிருந்து பார்சல் வந்தது. பிரித்தேன். வேக்கம் டியூப், ஐந்து மீட்டர் சுருள். அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் பின்னால் தள்ளி வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. பன்னிரண்டு நாள் கூடவே இருந்த மனிதர் என்று கண்ணையனை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் போக விரும்பவில்லை. போகாமல் இருந்தால் ஏதாவது நினைப்பார்கள் என்று நான்தான் கிளப்பிக்கொண்டு போனேன்.

கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பிரேம்குமாரின் அம்மா பாப்பாத்தி எங்களைப் பார்த்ததும் அழுதுகொண்டே உள்ளே கூட்டிப்போனார். உள்ளறையில் அவன் மனைவி சண்முகப்பிரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணையனைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்கண்ணே. உங்களப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருப்பாரு" என்றாள்.

கண்ணையன் நின்றபடியே இருந்தார். அவள் யாரிடமோ பல தடவை சொன்னதை மறுபடி சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"சவாரிக்கு மொத நாளு ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல்ணே. அழுதுகிட்டே கெடந்துச்சு. நான் அசந்துபோயிட்டேன். அவருதான் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடந்துகிட்டு இருந்தாரு. கண்ணு ரெண்டும் செவந்து போச்சு. காலையில, இன்னிக்கிப் போவலன்னு சொல்லிடவான்னு கேட்டாரு. நான்தான், மொத சவாரி, வேணாம்னு சொல்லாதீங்க, போயிட்டு வந்து படுத்துக்கலாம்னு அனுப்பி வச்சேன். நான் அந்த வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துருந்தா இந்நேரம் இருந்துருப்பாரு."

பாப்பாத்தி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆறுதலாக அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள் என்பது அப்போது எங்களுக்குப் புரிந்தது. அவளும் நம்பிவிட்டாள். இனி ஆயுசு முழுக்க அதைச் சுமந்துகொண்டுதான் அந்தக் குழந்தையை வளர்ப்பாள்.

நான் கண்ணையனின் கையைப் பிடித்தேன். கிளம்பலாம் என்ற அர்த்தத்தில். அவர் கையை விடுவித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அவரு தூங்கலம்மா" என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"பிரேக்கு புடிக்கல. பூஸ்டருக்குப் போற டியூப்பு, நான் போட்டது, அது சரியான டியூப்பு இல்ல. தற்காலிகமாப் போட்டது. மாத்தணும்னு இருந்தேன், டீசல் கோளாறப் பாக்கறதுல மறந்துட்டேன். அது சூட்டுல ஒட்டிக்கிச்சு. பிரேக்கு கல்லு மாதிரி ஆயிருக்கும். வண்டியப் போயிப் பாத்தேம்மா. பிரேக்கு மிதி ஒரு பக்கமா வளைஞ்சு போயிருக்கு. சீட்டோட முதுகு பின்னாடி சாஞ்சு கெடக்கு. அவ்வளவு பலமா மிதிச்சுருக்காரு. தூங்கறவங்க காலு அப்புடி மிதிக்காது. நீ அனுப்புனதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது."

பந்தலில் பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. சண்முகப்பிரியா குழந்தையின் முதுகில் கைவைத்தபடி அசையாமல் இருந்தாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்படின்னா, அவருக்குத் தெரிஞ்சுருக்கும்ல? மோதப்போறோம்னு?"

கண்ணையன் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

"தூக்கத்துல போயிட்டாரு, ஒண்ணும் தெரிஞ்சுருக்காது, வலிச்சுருக்காதுன்னு அத ஒண்ணத்தான்ணே நெனச்சுகிட்டு இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது.

பாப்பாத்தி உள்ளே வந்தார். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணையனைப் பார்த்தார். "எழுந்திரிய்யா" என்றார். குரல் உயரவில்லை. "எங்க வூட்டு எலையில நீ ஒக்காரக் கூடாது. போயிடு."

வெளியே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரியாத யாரோ ஒருவர், "சாப்பிடாமப் போறீங்களே, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையிலிருந்து கண்ணையனை விடுவித்துக் கூட்டிவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மெயின் ரோடு வரைக்கும் இரண்டு கிலோமீட்டரும் அவர் எனக்கு முன்னால் நடந்தார்.

மறுநாள் அவர் காவல் நிலையத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அதிகாரி முதலில் கோபப்பட்டார், அப்புறம் ஆச்சரியப்பட்டார்.

"யாருமே உன்ன ஒண்ணும் கேக்கலையேய்யா. எதுக்கு நீயா வந்து தலைய குடுக்கற?"

"அவரு தூங்குனாருன்னு எழுதியிருக்கீங்க சார். அது தப்பு. அத மாத்தணும்."

அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். பெயர், வயது, தொழில், என்றைக்கு இன்ஜின் மாற்றியது, எந்த டியூப். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்த டியூப்ப எங்க வாங்குன?"

நான் கண்ணையனுக்கு இரண்டடி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"வாங்கல சார். பட்டறையில கெடந்த துண்டு" என்றார் கண்ணையன். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அப்போது நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் என் தொடைகள் அந்தப் பெஞ்சோடு ஒட்டிக்கொண்டது போலத்தான் இருக்கிறது. எனக்கு அறுபது நெருங்குகிறது. கடை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும்போது, "என் பேரச் சொல்லியிருக்கலாமே கண்ணையா" என்று வாய்க்குள் முனகினேன். "மாட்டுனது நான்தானண்ணே" என்றார் அவர். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசியதே இல்லை.

மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்த்தார். கண்ணையன் சொன்னது சரி என்று எழுதிக்கொடுத்தார். பழைய அறிக்கை மாறியது. கண்ணையன் மேல் கவனக்குறைவு வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டார்கள். வழக்கு அரியலூர் கோர்ட்டில் நடக்கிறது.

பட்டறைக்கு ஆட்கள் வரத்து ஒன்றும் குறையவில்லை. உண்மையைச் சொன்ன மனிதர் என்று புதிதாக வந்தவர்கள்கூட உண்டு. அவரால்தான் முடியவில்லை. ஒரு காரின் பிரேக் லைனைக் கழற்ற உட்கார்ந்தவர், ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டிவிட்டுத் திருப்பாமல் அரை மணி நேரம் அப்படியே இருந்ததை நான் கடையிலிருந்து பார்த்தேன். மாட்டிய கிளிப்பைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி மாட்டி, ஒரு நாள் வேலையை மூன்று நாள் செய்தார். ஆடி மாதம் கொட்டகையைக் காலி செய்தார்.

இப்போது வயல்களில் தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்குப் போகிறார். கம்ப்ரசர், சப்மெர்சிபிள் மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி. "அதுல யாரும் ஏறி ஒக்காந்து போவமாட்டாங்கல்லண்ணே" என்றார் ஒரு தடவை. அவர் மனைவி சுமதி கடைவீதியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நின்றுவிடும். "தட்டுல கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்காருண்ணே. ஆறிப்போச்சுங்கன்னு சொன்னாத்தான் சாப்புடறாரு. நீங்களாவது வந்து ஏதாச்சும் பேசுங்களேன்" என்று சொல்லும். சரிம்மா என்பேன். என்ன பேசுவது?

சண்முகப்பிரியா அரியலூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டோம். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். புருஷனைத் தூங்கவிடாமல் அனுப்பியவள் என்று அந்த ஊரில் இப்போது யாரும் சொல்வதில்லையாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் ஃபில்டர் வாங்க வந்தபோது சொன்னார். பாப்பாத்தியும் மருமகளும் ஒரே பாயில் படுத்துக்கொள்கிறார்களாம். இதைக் கண்ணையனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வாய்தாவுக்கு அவரோடு நானும் போய்விடுவேன். அதையாவது செய்யவேண்டும் என்று எனக்கு. வக்கீல், ஒன்றும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். நீதிபதி கேட்டால் நான் ஆமாம் என்றுதான் சொல்வேன் என்று இவர் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லுவார். இதுவரை யாரும் கேட்கவில்லை. தேதி மட்டும் மாறிக்கொண்டே போகிறது.

போன மாதம் சண்முகப்பிரியாவுக்கும் சாட்சியாக சம்மன் வந்திருந்தது. கோர்ட் வராந்தாவின் அந்தக் கோடியில் தூணோரம் நின்றாள். அரக்கு நிறத்தில் கடை யூனிஃபார்ம் புடவை. வேலையிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருப்பாள்போல. இந்தக் கோடியில் நாங்கள். நீதிபதி அன்றைக்கு விடுப்பு. பன்னிரண்டு மணிக்கு வேறு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் ஒன்றுதான் நின்றது. ஏறிய பிறகுதான் அவளும் அதே பஸ்ஸில் இருப்பதைப் பார்த்தோம். முன்னால் பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணையன் இறங்கிவிடலாம் என்றார். வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த இடம் வந்தது. வேலிக்கருவைப் புதரும் ஒரு மைல்கல்லும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. கண்ணையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், பக்கத்துச் சாலையிலிருந்து கல் லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தோம். ஒரு குழந்தை அழுதது. யாரோ லாரிக்காரனைத் திட்டினார்கள். பஸ் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கண்ணையன் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் பஸ்ஸின் தகரத் தரையை மிதித்து அழுத்திக்கொண்டே இருந்தது. நான் எழுந்து தோளைத் தொட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

சண்முகப்பிரியா திரும்பி அவரைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், அப்புறம் அந்தக் காலைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் ஊருக்குப் பிரியும் நிறுத்தத்தில் பஸ் நின்றது. எழுந்து வந்தாள். முன்வாசலில் கூட்டம், அதனால் எங்களைத் தாண்டிப் பின்வாசலுக்கு வரவேண்டியிருந்தது. கண்ணையன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வழிவிட்டார். படியில் ஒரு கால் வைத்தவள் நின்றாள். காரியத்தன்று வீட்டில் பேசியதற்குப் பிறகு அவள் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

"அடுத்த வாய்தா பதினெட்டாந்தேதிதானங்க?" என்றாள்.

"ஆமாம்மா" என்றார் அவர்.

அவள் இறங்கினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தன் ஊர்ச் சாலையில் அவள் நடந்து போவதைப் பஸ் திரும்பும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.